“அப்பாவே போறதில்ல, நான் மட்டும் ஏன்?”

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரை. கல்யாணமாகி நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கணவர் அமெரிக்க யூதர். நான் மதம் மாறவில்லை. ஆனால் பிள்ளைகளை யூதர்களாகவே வளர்ப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி ஒத்துக்கொண்டோம். மகனுக்கு வரும் நவம்பரில் 13 வயது நிறைகிறது. ரிஃபார்ம் என்ற தாராளப் பிரிவைச் சேர்ந்த சினகாக் (யூத ஜெபாலயம்) ஒன்றில் பார் மிட்ஸ்வாவுக்கு, அதாவது பையன் மதக் கடமைகளுக்குத் தானே பொறுப்பேற்கும் விழாவுக்கு, தேதி குறித்தாயிற்று. அன்று சபை முன் வாசிக்க அவனுக்கு வந்திருக்கும் தோரா (யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) பகுதி ‘தோல்தோத்’. ஞாயிறு காலையும் புதன் மாலையும் ஹீப்ரு வகுப்பு. கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது நான்தான். கொஞ்ச நாளாக “எனக்கு வேண்டாம்” என்கிறான். கேட்டால், “அப்பா வருஷத்துல ரெண்டு நாள்தான் போறார், நான் மட்டும் ஏன்?” என்கிறான். கணவரோ, “நானும் இப்படித்தான் அழுதேன், ஆனா முடிச்சேன். அவனும் முடிப்பான்” என்று விட்டுவிடுகிறார். மாமியார் 150 பேருக்கு ஹால் பிடித்துவிட்டார். இதற்கு நடுவில் கொழுந்தனார் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், “யூத மதச் சட்டப்படி பார்த்தால் பையன் யூதனே இல்லை” என்று சொன்னதை மகன் கேட்டுவிட்டான். அவனைக் கட்டாயப்படுத்தலாமா? அந்த மேடையில் எனக்கு இடம் உண்டா? 9 வயது மகள் வேறு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதுரையிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு என்ன சொல்லி வைப்பது? அன்றைக்குப் பட்டுப்புடவை உடுத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கொழுந்தனார் விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பையன் அந்தப் பேச்சைக் கேட்டது எப்போது? “வேண்டாம்” என்று ஆரம்பித்தது எப்போது? இரண்டும் அடுத்தடுத்து நடந்திருந்தால், அவன் சோம்பல்பட்டு மறுக்கவில்லை. ‘நான் உங்க ஆளே இல்லன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு நான் 150 பேர் முன்னால நிக்கணும்?’ என்று கேட்கிறான். 12 வயதில் அதை இப்படிக் கோர்வையாகச் சொல்ல வராது. அப்பாவைக் குறை சொல்வது சுலபம், அதைச் சொல்கிறான்.

கொழுந்தனார் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் இரண்டு பிரிவிலும் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். இல்லாவிட்டால் பிள்ளை முறைப்படி மதம் மாற வேண்டும். அமெரிக்காவின் ரிஃபார்ம் ரபிகள் (யூத மதகுருமார்) பேரவை 1983-ல் வேறு மாதிரி முடிவு செய்தது. தாய், தந்தை இருவரில் யாராவது ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூதனாகவே வளர்ந்து, அதை ஊரறியக் காட்டும் காரியங்களில் கலந்துகொண்டால் அவன் யூதன்தான். ஹீப்ருப் பெயர் வைப்பது, தோரா படிப்பது, பார் மிட்ஸ்வா எல்லாம் அந்தக் காரியங்களில் சேர்த்தி. உங்கள் சினகாக் அந்த வழியைச் சேர்ந்தது. அங்கே அவன் யாருடைய தயவிலும் மேடையேறவில்லை. நாளைக்கு இஸ்ரேலுக்குப் போனாலும், அங்கே குடியேறும் உரிமைச் சட்டத்தின் 1970 திருத்தப்படி யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது. அதே நாட்டில் யூதக் கல்யாணங்களை நடத்திப் பதியும் தலைமை ரபிகள் அமைப்பு மட்டும் அவனை யூதனாக ஏற்காது. நிலைமை இவ்வளவு சிக்கலானதுதான். இதை மறைக்காமல், முழுசாக, அவனுடைய அப்பா அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் ஆறுதல் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வான்.

“ஒரு சின்னச் சடங்குதானே, மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது” என்று யாராவது கிளம்புவார்கள். மூன்று பேர் அமர்ந்த ரபி மன்றம், சடங்குக் குளத்தில் முழுக்கு, விருத்தசேதனம் என்று அதற்கு முறை இருக்கிறது. சிறுவயதில் பெரியவர்கள் செய்து வைத்த அந்த மாற்றத்தைப் பையன் வயதுக்கு வந்ததும் ‘எனக்கு வேண்டாம்’ என்று மறுக்கலாம் என்று தல்மூதே (யூதச் சட்டமும் விளக்கங்களும் அடங்கிய பழைய நூல்) சொல்கிறது. கொழுந்தனார் வாயை அடைக்க இப்போது அவசரமாக அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவனுக்கே அந்த அங்கீகாரம் தேவைப்படும் காலம் வந்தால் அவனே போய்க் கேட்கட்டும்.

சரி, கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு வருவோம்.

யூத மரபு இந்த விஷயத்தில் பையனிடம் கேட்பதைவிட அப்பாவிடம் கேட்பதுதான் அதிகம். தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியவை என்று தல்மூது ஒரு பட்டியல் போடுகிறது: விருத்தசேதனம் செய்விக்க வேண்டும், தலைப்பிள்ளையானால் குருவிடம் காசு கொடுத்து மீட்க வேண்டும், தோரா கற்பிக்க வேண்டும், பெண் பார்த்துக் கட்டி வைக்க வேண்டும், ஒரு தொழில் சொல்லித் தர வேண்டும். நீந்தவும் கற்றுத் தர வேண்டும் என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். பட்டியலில் வாத்தியார் பெயரே இல்லை. தினமும் ஓதும் ஷெமா ஜெபத்திலும், ‘வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும்’ பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசு என்றுதான் வருகிறது.

பள்ளிக்கூடம் அப்புறம்தான் வந்தது. ஏன் வந்தது என்பதையும் தல்மூது சொல்லி வைத்திருக்கிறது. அப்பா இருந்த பிள்ளைக்கு அப்பா கற்பித்தார். அப்பா இல்லாத பிள்ளை கற்காமலே போனான். அதனால் முதலில் எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள், பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் வைத்து 16, 17 வயதில் பையன்களைச் சேர்த்தார்கள். வாத்தியார் கோபித்துக்கொண்டால் பையன் முறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டானாம். (உங்கள் மகனுக்கு முன்னோடிகள் உண்டு.) கடைசியில் யெஹோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, முதல் நூற்றாண்டில், ஊர் ஊராக ஆசிரியர்களை அமர்த்தி 6, 7 வயதிலேயே சேர்க்க ஏற்பாடு செய்தார். ஆக, வகுப்பு என்பது அப்பா இல்லாத பிள்ளைக்காக ஏற்பட்டது. உங்கள் மகனுக்கு அப்பா இருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் பையனின் கேள்வி. நியாயமான கேள்வி.

உங்கள் கணவரைக் குற்றவாளியாக நிறுத்த இதை எழுதவில்லை. அவருக்கும் 12 வயதில் இதுதான் நடந்தது: காரிலிருந்து இறக்கிவிட்டார்கள், ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்தார், பாடினார், மறந்தார். “அவனும் முடிப்பான்” என்று அவர் சொல்வது அவர் கண்ட ஒரே வழியை. ஆனால் அப்படி முடித்த அவர் இப்போது வருடத்துக்கு இரண்டு நாள்தான் போகிறார். பையன் அதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

பார் மிட்ஸ்வா அன்று தகப்பன் சொல்லும் ஒரு சிறிய வாசகம் உண்டு. ‘இவனுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுவாராக.’ அதாவது 13 வரை பையன் செய்யும் தப்புக்குத் தகப்பன் பொறுப்பு, இனி அவனே பொறுப்பு. கேட்பதற்குக் கை கழுவுகிற மாதிரி இருப்பதால் பல ரிஃபார்ம் இடங்களில் இதைச் சொல்வதில்லை. ஆனால் இது எங்கிருந்து வந்தது தெரியுமா? உங்கள் மகனுக்கு வந்திருக்கும் தோல்தோத் பகுதிக்கு எழுதப்பட்ட பழைய விளக்கத்திலிருந்துதான். ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளான ஏசாவும் யாக்கோபும் வளர்ந்தார்கள் என்று ஒரு வரி அங்கே வருகிறது. 13 வயது வரை இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்குப் போனார்கள், அப்புறம் ஒருவன் படிப்பு வீட்டுக்கும் இன்னொருவன் சிலைக் கோயிலுக்கும் போனான் என்று மிட்ராஷ் என்னும் அந்தப் பழைய விளக்கம் சொல்கிறது. அதை ஒட்டி ஒரு ரபி சொல்கிறார்: 13 வயது வரை தகப்பன் மகனோடு பாடுபட வேண்டும், அதன் பிறகுதான் அந்த வாசகத்தைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பின்பாதிதான் ஞாபகம் இருக்கிறது. முன்பாதியைச் செய்ய உங்கள் கணவருக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

என்ன செய்யலாம்? தோராச் சுருளில் உயிர்ப்புள்ளிகளும் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது, வெறும் மெய்யெழுத்துகள்தான். அதனால் பயிற்சிக்கு ‘திக்குன்’ என்று ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி: ஒன்றில் புள்ளியும் குறியும் போட்ட எழுத்து, மற்றதில் அதே வரிகள் சுருளில் இருப்பது போலவே மொட்டையாக. முதல் பத்தியைப் பார்த்துப் படித்துவிட்டு, அதைக் கையால் மூடிக்கொண்டு அடுத்த பத்தியில் படித்துப் பார்க்க வேண்டும். இது தனியாக உட்கார்ந்து செய்ய ரொம்ப அலுப்பான வேலை. உங்கள் கணவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் மூன்று வசனம் கற்றுக்கொள்ளட்டும். தோரா வாசிக்க ஒருவரை அழைத்தால் குறைந்தது மூன்று வசனமாவது வாசிக்க வேண்டும் என்பது முறை, அதனால் அந்தக் கணக்கு. அன்றைய தினம் அவர் அந்த மூன்றையும் தானே சபையில் வாசிக்க முடியுமா என்று ரபியிடம் கேட்கட்டும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் அப்பாவை இப்படி உட்கார வைத்தோம். அவர் வாசிப்பு மகனைவிட மோசம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றிப் படித்தார். பையன் முதலில் சிரித்தான், அப்புறம் பென்சிலை வாங்கித் திருத்தினான். அதற்காக அவனுக்கு ஹீப்ரு வகுப்பு பிடித்துப்போய்விடவில்லை. கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் காரை விட்டு இறங்க மாட்டேன் என்ற சண்டை நின்றுவிட்டது. எனக்கு அது போதும் என்று பட்டது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரிய வரும். சில பிள்ளைகள் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதற்குப் பின்னால் ‘படிக்க வரவில்லை’ என்பது ஒளிந்திருக்கும். எழுத்துக்குக் கீழே வரும் அந்தச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பெரிய தொல்லை. பள்ளியில் ஆங்கிலம் சமாளிக்கிறானே என்று நினைக்காதீர்கள். பயிற்சி தரும் ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள்: மனப்பாடமாக ஒப்பிக்கிறானா, எழுத்தைப் பார்த்துப் படிக்கிறானா?

இவ்வளவும் செய்த பிறகு என் பதில் இது: படிப்பைக் கட்டாயப்படுத்தலாம், மேடையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கணக்கு வகுப்புக்குப் போகிறாயா என்று அவனைக் கேட்டா அனுப்புகிறீர்கள்? பிள்ளையை யூதனாக வளர்ப்போம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தீர்கள். 13 வரை அந்தப் படிப்பு அவனுக்கு உண்டு என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மேடை வேறு விஷயம். விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் 13 நிறைந்ததும் அவன் பார் மிட்ஸ்வாதான், அதாவது கடமைகளுக்குப் பொறுப்பானவன்தான். யோம் கிப்பூர் நோன்பு முதல் பத்துப் பேர் கொண்ட ஜெபக் குழுவில் எண்ணப்படுவது வரை எல்லாம் வயதோடு வருபவை, ஹாலோடு வருவதில்லை. இதை அவனிடம் சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் போய்விடும்.

அப்புறம் அவனை ரபியிடம் தனியாக அனுப்புங்கள். நீங்கள் இருவரும் வெளியே இருங்கள். சனிக்கிழமை காலைக்குப் பதில் அன்று மாலை சின்னதாக வைத்துக்கொள்ளலாமா, வசனங்களைக் குறைக்கலாமா, உரையில் மனதில் பட்டதை அப்படியே சொல்லலாமா என்பதையெல்லாம் அவனே கேட்கட்டும். தோல்தோத் பகுதி சண்டை போடுகிற பையனுக்கு நல்ல தீனி. ஈசாக்குக்கு ஏசாவைப் பிடிக்கும், ரெபெக்காளுக்கு யாக்கோபைப் பிடிக்கும். கண் மங்கிய அப்பாவை ஏமாற்ற அம்மாவே பிள்ளைக்கு வேஷம் போட்டுவிடுகிறாள். பெற்றோர்கள் செய்யும் கோளாறு பற்றிப் பேச அவனுக்கு ஏகப்பட்ட சரக்கு அதில் இருக்கிறது. பேசட்டும், விடுங்கள். ஒருவேளை தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்றாலும் குடி முழுகாது. வயதான பிறகு முதல் தடவையாக மேடையேறுகிறவர்கள் ஏராளம். 70 வயதை ஒரு முழு ஆயுளாக வைத்து, அதற்கு மேல் 13 கூட்டி, 83 வயதில் இரண்டாவது பார் மிட்ஸ்வா கொண்டாடும் தாத்தாக்கள்கூட இருக்கிறார்கள். மாமியாரிடம் ஹால் பற்றிப் பேச வேண்டியது அவருடைய மகன். நீங்கள் அதில் தலையிடாதீர்கள்.

அடுத்த மாதம், எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்லும் பெசாக் பண்டிகை வருகிறது. அதன் விருந்து இரவான செடெரில், அதற்கென்று உள்ள நூலிலிருந்து நான்கு விதப் பிள்ளைகளைப் பற்றி வாசிப்பார்களே, அதில் இரண்டாமவன், ‘உங்களுக்கு எதற்கு இந்த வேலை?’ என்று கேட்பவன். உங்கள் மகனுடைய கேள்வியேதான். அவனுக்குப் பல் கூசும்படி பதில் சொல்லச் சொல்கிறது அந்த நூல். அந்த ஆலோசனையை நான் யாருக்கும் தர மாட்டேன். ஆனால் அப்படிக் கேட்பவனையும் மேஜையில் உட்கார வைத்துத்தான் இந்தக் கதையைச் சொல்லி வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு உங்கள் கணவர் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடாமல், அங்கே நிறுத்தி, மகனுக்குத் தன் பதிலைச் சொல்லட்டும். ‘எனக்கும் தெரியல’ என்பதும் பதில்தான்.

இனி உங்கள் இடம். ஒவ்வொரு சினகாக்குக்கும் இதில் தனித்தனி விதி. தோராவை வாசிக்கும் முன் சொல்லும் ஆசியில் ‘எங்களைத் தேர்ந்தெடுத்தீர்’ என்று வருவதால், அதை யூதரல்லாதவர் சொல்வதில்லை என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். அதே சமயம் பல ரிஃபார்ம் சினகாக்குகளில் தாய் மேடையில் மகன் அருகே நிற்கலாம், பிள்ளைக்கு ஒரு வாழ்த்தோ பிரார்த்தனையோ சொல்லலாம். தாத்தா பாட்டி கையிலிருந்து பெற்றோர் கைக்கும், பெற்றோரிடமிருந்து பிள்ளை கைக்கும் தோராச் சுருளை மாற்றித் தரும் வழக்கமும் உண்டு. அந்த வரிசையில் உங்களைச் சேர்ப்பார்களா, மாட்டார்களா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். அக்டோபரில் ஒத்திகையின்போது, “நீங்க இங்கேயே நில்லுங்க” என்று யாரோ கையைக் காட்டித் தெரிந்துகொள்ளும் நிலைமை வேண்டாம். தமிழில் இரண்டு வரி வாழ்த்துச் சொல்ல அனுமதி கேளுங்கள். மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மேடை வருடத்தில் ஒரு நாள். வெள்ளிக்கிழமை இரவு வாராவாரம் வருகிறது. மெழுகுவர்த்தி ஏற்றியதும் பெற்றோர் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசி சொல்லும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஆண்பிள்ளைக்குச் சொல்வது, ‘கடவுள் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்குவாராக.’ யார் அந்த இரண்டு பேர்? எகிப்தில் யோசேப்புக்குப் பிறந்தவர்கள். அவர்களுடைய தாய் ஆஸ்நாத்து, எகிப்தியக் கோயில் பூசாரி ஒருவரின் மகள். பின்னால் வந்த உரைகாரர்கள் சிலர் அவளை யாக்கோபின் பேத்தியாக்கிக் கதை சொன்னதும் உண்டு. மூலத்தில் அவள் எகிப்தியப் பெண்தான். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு எல்லோரையும் விட்டுவிட்டு, இந்த வேற்றுநாட்டுத் தாயின் பிள்ளைகளைச் சொல்லித்தான் வாராவாரம் யூதப் பையன்களுக்கு ஆசி வழங்குகிறார்கள். கொழுந்தனார் வீட்டிலும் இதே ஆசிதான். இதை வாதமாக அவரிடம் கொண்டுபோக வேண்டாம், சட்டம் இதனால் மாறாது. உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். கணவர் ஹீப்ருவில் சொல்லட்டும், நீங்கள் உங்கள் கையையும் வைத்துத் தமிழில் சொல்லுங்கள். பெண்பிள்ளைக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்களைச் சொல்வார்கள், மகளை விட்டுவிடாதீர்கள்.

மகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ரிஃபார்ம் சினகாக்கில் அவளுக்கும் அண்ணனுக்குக் கிடைப்பது அத்தனையும் உண்டு. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் 12 வயது ஜூடித் கப்ளான் சபை முன் நின்று வாசித்ததைத்தான் அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வா (பெண்பிள்ளைக்கான விழா) என்கிறார்கள். சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சிட்ட புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். அவளை நிறுத்தியது அவள் அப்பா, ரபி மொர்தெகாய் கப்ளான். அவருக்கு நான்கும் பெண்கள். அண்ணனோடு அப்பா உட்காரும்போது இவளும் வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். பெசாக் இரவில் நான்கு கேள்விகளைக் கேட்பது வீட்டின் கடைக்குட்டிதான். அந்தப் பாட்டை இப்போதே பழக்கிவிடுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு: பட்டுப்புடவை தாராளமாக உடுத்தலாம், தோள் மூடியிருந்தால் போதும். ஆண்களுக்குத் தலையில் வைக்கும் சின்னக் குல்லாயை வாசலிலேயே தருவார்கள். அப்பா வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஷபாத் (சனிக்கிழமை ஓய்வு நாள்) அன்று படம் எடுக்கவும் செல்போனுக்கும் பல இடங்களில் தடை உண்டு, முன்கூட்டியே கேட்டுச் சொல்லிவிடுங்கள். பையன் வாசித்து முடித்ததும் நாலா பக்கமிருந்தும் மிட்டாய் எறிவார்கள். அடிக்கிறார்களே என்று பாட்டி பதற வேண்டாம், மெத்தென்ற மிட்டாய்தான். மொய் எழுதினால் 101, 501 வேண்டாம். இங்கே 18-ன் மடங்குதான் ராசி, 180 அல்லது 360 என்று வைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை ராகு காலமாயிற்றே என்று அம்மா கேட்பார்கள். ஒன்பதிலிருந்து பத்தரைதானே? ஜெபம் பத்து மணிக்கு ஆரம்பித்தால், பேரன் தோரா வாசிக்க எழும்போது பத்தரை தாண்டியிருக்கும்.